கியர் தண்டு மாற்றியமைப்பு

கியர் தண்டு மாற்றியமைப்பு என்பது பழைய ஜீப்பில் வேறு வண்டியின் கியர் பெட்டியைப் பொருத்தும்போது, கியர் மாற்றும் தண்டை ஓட்டுநரின் கைக்கு எட்டும்படி திருத்தும் பட்டறை வேலை ஆகும். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் ஒருங்கிணைக்கத் தொடங்கிய வில்லிசு வகை ஜீப்புகள் மூன்று முன்வேகங்கள் கொண்டவை. அவற்றில் பின்னாளைய நான்கு வேகப் பெட்டியை வைத்தால், தண்டு வெளிவரும் இடம் மாறி இருக்கையில் இடிக்கக்கூடும்.

தண்டு ஒரு குமிழ் மூட்டில் ஊசலாடும் நெம்புகோலாகும். மூட்டுக்கு மேலே வளைக்கலாம். கீழ்ப்பகுதியைத் தொடாமல் விடுவதே நல்லது. எடுத்துக்காட்டாக, மூட்டுக்குக் கீழே 5 செ.மீ., மேலே 40 செ.மீ. இருந்தால், கீழ்முனை 1 செ.மீ. நகரக் கை 8 செ.மீ. அசைய வேண்டும். மேற்பகுதியை 30 செ.மீ. ஆக்கினால் கையசைவு 6 செ.மீ. ஆகக் குறையும், தேவைப்படும் விசையோ மூன்றில் ஒரு பங்கு கூடும்.

தளத்துளையின் விளிம்பில் தண்டு தட்டினால் கியர் முழுமையாக விழாது. ஓட்டத்தில் தானே கழன்றுவிடும். தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் இது பெருங்கேடு. எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரியைப் போலவே, இயந்திரத்தின் பிடிப்பை இழந்த வண்டியை பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். இயந்திரம் ரப்பர் தாங்கிகளின் மேல் அசைவதால், நின்ற வண்டியில் தட்டாத தண்டு ஓட்டத்தில் தட்டலாம். துளையைச் சற்று அகலமாகவே வெட்ட வேண்டும்.