தம் கதையைத் தாமே சொன்னவர்கள்

ஒரு ஜனசமூகத்தை அடிமைப்படுத்தி வைக்க விலங்கு மட்டும் போதாது. அவர்களைப்பற்றி ஒரு பொய்க் கதையும் வேண்டும். அமெரிக்காவிலே அந்தப் பொய்க் கதையை ஊரூராகக் கொண்டுசென்ற பெருமை ஸினிமாவுக்கு உண்டு. 1915-ம் வருஷத்தில் கிரிபித் என்பார் வெளியிட்ட 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படம், கறுப்பின மக்களைக் கயவர்களாகச் சித்திரித்து, அவர்களை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரை வீரர்களாகக் கொண்டாடிற்று. ஓய்ந்து கிடந்த அக்கூட்டம் அதே வருஷத்தில் ஜார்ஜியா மாகாணத்தில் மீண்டும் தலையெடுத்தது. ஸினிமா வெறும் பொழுதுபோக்கு என்று வாதிப்போர் இதைக் கவனிப்பார்களாக.

அப்படத்தை எதிர்த்துக் கண்டனங்கள் எழுந்தன. தடை செய்யவேண்டுமென்ற கிளர்ச்சியும் நடந்தது. அவை வேண்டியவையே. எனினும், பொய்ப் படத்துக்கு நேரான மறுப்பு மெய்ப் படமே யாகும். இதை உணர்ந்து உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்கர் மிஷோ. அடிமைத்தளையினின்று விடுபட்ட ஒருவரின் மகனாகிய இவர், தெற்கு டக்கோட்டாவில் நிலத்தை உழுது பிழைத்தவர். இவருடைய நாவலைப் படமாக்க ஒரு கம்பெனி முன்வந்தபோது, தாமே அதை டைரக்ட் செய்யவேண்டுமென்றார். உடன்பாடு ஏற்படவில்லை. உடனே சொந்தக் கம்பெனி தொடங்கி, பங்குகளை விற்றுப் பணம் திரட்டி, 1919-ல் தம் முதற் படத்தை வெளியிட்டார். மறு வருஷம் அவர் எடுத்த 'நம் வாயில்களுக்குள்' என்ற படம், வெள்ளையர் கும்பல் குற்றமற்றவர்களைத் தூக்கிலிடும் கொடுமையைத் திரையிலேயே காட்டிற்று. கலகம் மூளுமென்று அஞ்சிச் சிக்காகோ தணிக்கையாளர் முதலில் அதை மறுத்தனர். பல்லாண்டுகள் மறைந்து கிடந்த அப்படத்தின் பிரதி ஒன்று ஸ்பெயின் தேசத்தில் அகப்பட, அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் 1993-ல் அதைச் செப்பனிட்டு மீட்டது. எடுத்தால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மிஷோவுக்குப் பின் அந்தப் பணியை ஏற்றவர்கள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா ஸர்வகலாசாலையின் கறுப்பின மாணவர்கள். 1960-ம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து அங்கே பயின்ற இவர்கள், ஹாலிவுட்டின் வாசலிலேயே இருந்துகொண்டு ஹாலிவுட்டின் வழியை மறுத்தார்கள். சார்ல்ஸ் பர்னெட் என்பவர், ஆட்டிறைச்சிக் கூடத்துத் தொழிலாளி ஒருவனின் வாழ்வை வார விடுமுறை நாட்களில், 10,000 டாலருக்கும் குறைந்த செலவில் படமாக்கினார். 1970-ம் ஆண்டுகளில் முடிந்த அப்படம், அதில் ஒலிக்கும் பாட்டுகளுக்கான உரிமைத் தொகை தீராமையால் 2007 வரையில் தியேட்டர்களில் பரவலாக வெளிவர இயலவில்லை.

குறும்படம் எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு ஜூலி டாஷ் அம்மையார் 1982-ல் எடுத்த 'மாயைகள்' ஒன்றே போதும். அரை மணிக்குச் சற்று மேற்பட்ட படம். கதை நடப்பது 1942-ல், ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றில். வெள்ளைக்கார நடிகை திரையில் வாயசைக்கிறாள். அவளுக்காகப் பாடுகிறவள் ஒரு கறுப்பினப் பெண். குரல் வேண்டும், முகம் வேண்டாம்! அதை மேற்பார்க்கும் அதிகாரியும் கறுப்பினத்தவளே. அவளது வெளிர்நிறத்தைக் கண்டு எல்லோரும் அவளை வெள்ளைக்காரி என்றே எண்ணுகிறார்கள். பின்னணிப் பாட்டுக்குப் பழகிய நம்மவருக்கு இக்காட்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வம்மையாரின் 'புழுதியின் புதல்வியர்' 1991-ல் வெளியாயிற்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் டைரக்ட் செய்து அமெரிக்காவெங்கும் தியேட்டர்களுக்கு வந்த முதல் முழுநீளப் படம் அதுவே. குறும்படத்தில் பழகிய கைதான் அதைச் செய்தது.

"கலை தன் தகுதியால் நிற்கட்டும், தனி ஆதரவு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. ஒரு கட்சியின் சாட்சிகளை நீதிமன்றத்துக்குள்ளேயே விடாமல், "அவன் தரப்பில் சாட்சியமில்லை" என்று தீர்ப்பளிப்பது போன்றது இக்கேள்வி. எதியோப்பியாவில் பிறந்த ஹைலே கெரிமா, அடிமைமுறையின் கொடுமையைக் கூறும் 'சங்கோபா'வை 1993-ல் முடித்தபோது, அமெரிக்க விநியோகஸ்தர்கள் கைவிரித்தனர். அவரே தியேட்டர்களை வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகக் காட்டினார். ஜனங்கள் திரண்டு வந்தனர். தகுதியும் இருந்தது, பார்ப்போரும் இருந்தனர். இரண்டுக்கும் நடுவிலிருந்த கதவுதான் மூடிக் கிடந்தது.

முழுநீளப் படத்துக்கே இந்தக் கதி யென்றால், தியேட்டர் வருமானம் அரிதாகிய குறும்படத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அது விழாக்களையும், கல்லூரிகளையும், ரஸிகர் சங்கங்களையும் நம்பியே வாழ்கிறது. ஆகவே அபிமானிகளின் கடமை தெளிவானது. இத்தகைய படங்களை இரவலாகப் பாராமல் விலை கொடுத்துப் பார்க்கவேண்டும். சங்கங்கள் திரையிடும்போது எடுத்தவருக்குரிய தொகையைச் செலுத்தவேண்டும். பிரதிகளைப் பாதுகாக்கும் நிலையங்களுக்குக் கை கொடுக்கவேண்டும். பாராட்டுரை நல்லதே, ஆனால் அடுத்த படத்துக்கான செலவை அது கொடுக்காது.