மலைநகரங்களில் குரோட்டன்ஸ் செடிகளைப் பனிக்காலத்தில் காக்கும் முறை

சமவெளித் தோட்டங்களில் குரோட்டன்ஸ் அதிகக் கவனிப்பின்றியே செழித்து வளரும். மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் முதலிய வர்ணங்கள் கலந்த இலைகளே அதன் அழகு. ஆனால் கீழ்நாட்டிலிருந்து இச்செடியை வாங்கிச் சென்று நீலகிரியில் வைப்போர், முதற் பனிக்காலத்திலேயே அதை இழந்துவிடுவதுண்டு. தகுந்த முன்னேற்பாடு செய்யின் இந்நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்குத் தாயகம் மலேயாத் தீவுக்கூட்டமும் பசிபிக் தீவுகளுமாகும். ஆகையால் பாரன்ஹீட் 55 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் நீடித்தால் வளர்ச்சி நின்று இலைகள் உதிரத் தொடங்கும்; உறைபனி பட்டாலோ இலைகள் கருகிவிடும். சுமார் 7,300 அடி உயரமுள்ள உதகமண்டலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில், மேகமின்றிக் காற்றும் அடங்கிய இரவுகளில் உறைபனி உண்டாகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளங்களில் தங்கும். அங்கேதான் சேதமும் அதிகம்.

எனவே இச்செடியைத் தரையில் நடாது தொட்டியில் வளர்ப்பதே நலம். அக்டோபர் மாதம் முடியுமுன் தொட்டியை வீட்டினுள், தெற்கு நோக்கிய கண்ணாடி ஜன்னலருகே வைக்கவேண்டும். வெளிச்சம் குறைந்தால் வர்ணம் மங்கிப் பச்சையாகிவிடும். இரவில் இலைகள் கண்ணாடியைத் தொடலாகாது. கணப்புக்கு அருகிலும் வைக்கலாகாது. வறண்ட காற்றில் இலைகள் உதிர்வதோடு செஞ்சிலந்திப் பூச்சியும் பெருகும். வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவரின் அப்பூச்சி அடங்கும்.

பனியைவிட அதிக நீரால் மடியும் செடிகளும் உண்டு. குளிரில் வேர்கள் நீரை மெதுவாகவே உறிஞ்சும். மண் ஓயாமல் ஈரமாயிருந்தால் வேர் அழுகும். மேல்மண் ஓர் அங்குல ஆழம் உலர்ந்த பின்னரே, அறையில் வைத்துக் குளிர்ச்சி நீங்கிய நீரை ஊற்றவேண்டும். இக்காலத்தில் உரமிடுதல் கூடாது.

இலைகள் யாவும் உதிர்ந்தமை கண்டு செடியை எறிந்துவிடலாகாது. தண்டின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்க்க வேண்டும். உட்புறம் பச்சையாயிருப்பின் உயிருண்டு. நீரை மிகவும் குறைத்துக் காத்திருந்து, ஏப்ரலில் துளிர் தோன்றியபின் பட்ட நுனிகளை மட்டும் வெட்டிவிடலாம். வெட்டுகையில் வடியும் பால் சருமத்தில் எரிச்சல் உண்டாக்குமாதலால் கைகளை உடனே கழுவுதல் அவசியம்.

அருமையான வகைகளை உடையோர், கோடையிலேயே விண்பதியன் வைத்து ஒரு கன்றைச் சமவெளியிலுள்ள தோட்டத்தில் வளர்த்துவருவது நன்று. மலைமேலுள்ள செடி மடிந்தாலும் வகை அழியாது.