சகாராவில் ஒரு நாள்: லாச்சப்பலுக்குத் தெரிந்த பாலை

பாரிஸிலிருந்து மொரோக்கோவுக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பிரெஞ்சு தெரிந்தால் போதும், வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு சகாராவின் விளிம்பு வரை ஓடிவிடலாம். எபினே-சூர்-செய்னில் எங்கள் கட்டடத்தில் பலருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். வழி சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்த வசந்த விடுமுறையில் நானும் சித்தப்பாவும் அவருடைய மகனும் போனோம். காலை ஏழு மணிக்கு வர்சாசாத் நகரிலிருந்து வெளிக்கிட்டு, மெர்சூகா மணல்மேடுகளை நோக்கி ஏறத்தாழ 370 கிலோமீட்டர் ஓட்டம்.

பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். சகாராவில் மணல் நாலில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மிச்சமெல்லாம் கல்லும் சரளையும் மொட்டை மலையும். கண்ணெட்டும் தூரம் வரை கறுத்த கல்வெளி, நடுவில் நூல் பிடித்தது போல ஒரு தார்த்தெரு. பாரிஸில் பிறந்த சின்னவனுக்கு மத்தியானத்துக்குள்ளேயே அலுத்துவிட்டது. “இங்க ஒண்டுமே இல்லையே அண்ணா” என்றான்.

ஜோர்ஃப் என்ற ஊருக்குப் பக்கத்தில் தெருவோரம் வரிசையாக மண்குவியல்கள். ராட்சதக் கறையான் புற்றுகள் போல இருந்தன. இறங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கிணறு. ‘கெத்தாரா’ என்கிறார்கள். மலையடிவார நிலத்தடி நீரைச் சற்றே சரிவான ஒரு சுரங்கத்தால் கிலோமீட்டர் கணக்கில் ஊருக்குக் கொண்டுவருவது. மோட்டார் இல்லை, புவியீர்ப்பு மட்டும். மேலே தெரியும் கிணறுகள் சுரங்கத்தைத் தோண்டவும் தூர் வாரவும் வைத்த வாசல்கள். நான் படித்த பொறியியலுக்கு இதைவிட அழகான ஒரு வடிவமைப்பை நான் கண்டதில்லை. ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் வந்த பிறகு நீர்மட்டம் இறங்கி, பல கெத்தாராக்கள் வறண்டுவிட்டன. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “எங்கட துலாக்கிணத்துக்கும் இதுதானே நடந்தது” என்றார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது ரிசானி. ஊரோரத்தில் இடிந்த மண்சுவர்கள் சில. 757இல் எழுந்த சிஜில்மாசா நகரத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். தெற்கேயிருந்து பொன் வந்து இறங்கிய வாசல் இது. 1352 பெப்ரவரியில் இங்கிருந்துதான் இப்னு பதூதா ஒட்டகக் கூட்டத்தோடு சகாராவுக்குள் இறங்கினார். உப்புக்கட்டிகளால் வீடு கட்டியிருந்த தகாசாவுக்கு 25 நாள் பயணம். அதே மனிதர்தான் அதற்கு எட்டு வருடம் முன்பு, 1344இல், எங்கள் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்தவர். சிவனொளிபாதமலை ஏற வேண்டும் என்று கேட்டதும் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினான் மன்னன்.

“அவருக்கு ஆரும் விசா கேக்கேல்லையோ?” என்றார் சித்தப்பா. சிரித்துத்தான் கேட்டார்.

தமிழ் நிலத்தில் சகாரா போல ஒரு பாலைவனம் இருந்ததில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். ஆனாலும் அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைத்திணை. சரிபாதி! பொருள் தேடிப் போனவன், காத்திருப்பவள், இடையில் ஆறலை கள்வர். வழிமறித்துப் பறிப்பவர்கள். எங்கள் காலத்தில் அவர்கள் ஏஜென்சி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

2015இல் லாச்சப்பல் மெத்ரோ மேம்பாலத்துக்குக் கீழே கூடாரம் போட்டுக் கிடந்தவர்களை நினைவிருக்கும். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் சூடானியர், எரித்திரியர். ஜூன் 2ஆம் திகதி பொலிஸ் வந்து அகற்றியது. அந்தப் பெடியளில் பலர் இதே சகாராவின் கிழக்குப் பக்கத்தை, லிபியா வழியாக, பிக்கப் வாகனங்களில் தொங்கிக்கொண்டு கடந்து வந்தவர்கள். அப்போது எங்கள் தேத்தண்ணிக் கடைகளில் என்ன பேசினோம்? “இவங்களால ரோட்டே நாறுது, கடைக்குச் சனம் வருகுதில்லை.” இப்போதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. நாங்கள் கேஸ் போட்டு, கார்ட் கிடைக்கும்வரை ஒரே அறையில் பத்துப் பேர் படுத்த கதையை வசதியாக மறந்துவிட்டுப் பேசுகிற பேச்சு அது. எனக்கு அதைக் கேட்கக் கூசும்.

ரிசானியில் தேத்தண்ணி குடிக்கும்போது இதைச் சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் 1991இல் மொஸ்கோ வழியாக வந்தவர். மகனிடம் அதைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை.

“எங்களுக்கு மணல் இல்லையடா, பனி” என்று சின்னவனைப் பார்த்துத் தொடங்கினார். “காட்டுக்குள்ள ராத்திரியிலதான் நடத்துவாங்கள். சப்பாத்து கிழிஞ்ச ஒரு பெடியன் என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு வந்தவன்...”

சின்னவன் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின் இருக்கையில் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டு வந்தான். மெர்சூகா 35 கிலோமீட்டர்தான். இடப்பக்கம் மணல்மேடுகள் செம்மஞ்சளாகத் தெரியத் தொடங்கியபோதும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சித்தப்பாவின் கதை இன்னும் முதல் எல்லையையே தாண்டியிருக்கவில்லை.