வகுக்கும் எண்

2016 செப்டம்பரில் முகநூல் நிறுவனம் ஒரு வகுத்தல் பிழையை ஒப்புக்கொண்டது. மக்கள் ஒரு காணொளியைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்று விளம்பரதாரர்க்கு ஈராண்டுகளாக அது காட்டிவந்த எண் மிகையானது. பார்த்த மொத்த நேரத்தை, காணொளி ஓடக் கண்டோர் அனைவரின் தொகையால் வகுத்திருக்க வேண்டும்; மூன்று நொடியேனும் நின்றவர் தொகையால் மட்டும் வகுத்திருந்தனர். பத்துப் பேரைக் கொள்வோம். நால்வர் ஒன்றரை நொடியில் விலக, அறுவர் 24 நொடி நிற்கின்றனர். மொத்தம் 150 நொடி. பத்தால் வகுத்தால் 15. ஆறால் வகுத்தால் 25. ஒரு நொடியும் கூடுதலாக எவரும் பார்க்கவில்லை. பின்னத்தின் பகுதி சுருங்கியது, ஈவு பெருத்தது, அவ்வளவே.

ஒரு தளத்துக்குள்ளேயே இந்நிலை என்றால், தளங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எளிதன்று. ‘பார்வை’ என்பதன் அலகே வேறுபடுகிறது. முகநூல் காணொளிக்கு நெடுங்காலம் மூன்று நொடி. எக்ஸ் தளத்தில் இரண்டு நொடி, அதுவும் படத்தின் பாதியேனும் திரையில் தெரிந்தால். டிக்டாக்கில் ஓடத் தொடங்கிய கணமே ஒரு பார்வை. பட்டணம் படியால் அளந்த நெல்லையும் சின்னப்படியால் அளந்ததையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வது போன்றது இது. யூடியூபின் குறுங்காணொளிகளுக்கு 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்குவதும், மீண்டும் ஓடுவதும் பார்வையாயின. ஆனால் வருவாய் பகிர்வதற்கு மட்டும் பழைய அளவையை அந்நிறுவனம் கைவிடவில்லை. எந்த எண்ணை அது மெய்யென நம்புகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

‘ஈடுபாட்டு வீதம்’ எனப்படுவதிலும் இடர் பகுதியில்தான். பின்தொடர்வோர் 1,000 பேர் உள்ள ஒருவரின் காணொளி 40,000 பேரைச் சென்றடைந்து 2,000 விருப்பக்குறிகளைப் பெற்றதாகக் கொள்க. பின்தொடர்வோரால் வகுத்தால் 200 விழுக்காடு. சென்றடைந்தோரால் வகுத்தால் 5. அறியாதவர் முன்னும் காணொளியைக் கொண்டு நிறுத்தும் டிக்டாக் போன்ற தளங்களில் முதல் கணக்கு பொருளற்றது. ஆயினும் விளம்பர அறிக்கைகளில் அது இன்னும் உலவுகிறது. பெரிய எண்ணை யார்தாம் வெறுப்பர்?

தொகுதியிலும் சிக்கல் உண்டு. விருப்பமும் மறுமொழியும் பகிர்வும் ஒரே எடையுடையன அல்ல. 2023இல் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) வெளியிட்ட பரிந்துரை நிரலின் விளக்கத்தில், ஒருவர் விருப்பம் இடுவதற்கான வாய்ப்புக்கு எடை 0.5, மறுமொழி தருவதற்கான வாய்ப்புக்கு 13.5. அம்மறுமொழி பாராட்டா வசையா என்று அந்த எடை கேட்பதில்லை. முகநூலோ சினமுகக் குறி ஒன்றை 2017இல் ஐந்து விருப்பங்களுக்கு நிகராகக் கொண்டது. பின்னர்ப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் சுழியாக்கியது. ஆகவே 2018இன் ஈடுபாட்டையும் 2021இன் ஈடுபாட்டையும் ஒரே வரைபடத்தில் இணைத்து வரைபவர், அதே தளத்தில் நின்றுகொண்டே இரு வேறு பொருள்களை அளக்கிறார்.