வாழை இலைக்குள் வேகும் மீன்



வாழை இலை என்றதும் நமக்குப் பந்திதான் நினைவுக்கு வரும். இலையில் உண்பது நம் வழக்கம். இலைக்குள்ளேயே சமைப்பதும் உலகில் உண்டு. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் கோழிக்கறியையோ நிலக்கடலைக் குழம்பையோ வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேக வைக்கிறார்கள். அதன் பெயர் லுவோம்போ. நம் பினாங்கிலும் அதற்கு உறவான பண்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் நோன்யா சமையலின் ஒத்தாக்-ஒத்தாக்.

மலாய் மொழியில் ஒத்தாக் என்றால் மூளை. வெந்த கலவை மூளையைப் போல் மெத்தென்று இருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். ஜொகூரின் மூவார் ஒத்தாக்கை ஓலையில் வைத்துத் தணலில் சுடுவார்கள். பினாங்கு ஒத்தாக் ஆவியில் வேகும்.

மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மஞ்சள், லெங்குவாஸ், செராய், சிறிது பெலாச்சான் இவற்றை மைய அரையுங்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கலக்குங்கள். வாழை இலையைத் தணலில் வாட்டினால் கிழியாமல் மடியும். அதன்மேல் வெற்றிலை இனத்தைச் சேர்ந்த காடோக் இலையைப் பரப்பி, முள் நீக்கிய மீன் துண்டுகளை வைத்து, கலவையை ஊற்றி மடித்து, ஈர்க்கால் குத்தி விடுங்கள். சிறு பொட்டலம் 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

ஆவி எப்படி வேக வைக்கிறது? சூடான ஆவி குளிர்ந்த இலையில் பட்டு நீராக மாறும்போது, தன்னுள் இருந்த வெப்பத்தை இலைக்குக் கொடுக்கிறது. அந்த வெப்பத்தில் முட்டை இறுகி, மீனையும் பாலையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. மீனின் சாறும் வீணாவதில்லை. தீ அதிகமானால் கலவை திரிந்து நீர் விடும்.

தாய்மார்களே, இனி சொல்வதை மறவாதீர்கள். கெம்போங், தெங்கிரி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு வேக வைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவக்கும். தலைவலியும் வாந்தியும் வரும். ஆகவே கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் உள்ள மீனையே வாங்கி, உடனே ஐஸில் வையுங்கள்.

பெரட்டுக்குப் போகுமுன் சமைத்ததைப் பிள்ளைகளின் பகல் உணவுக்கென்று மூடி வைத்துவிட்டுப் போவதும் ஆபத்து. சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. மாலையில் வீடு திரும்பியபின் வேக வைத்து, சூடாக எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள்.