நிலத்துள் மறையும் சேறு

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே நிலத்தைத் துளைத்தால் கடினப்பாறை எதிர்ப்படும். கிழக்கே, ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் மணலும் களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அவ்வடுக்குகளில் ஊறும் நீரே அங்குள்ள உழவர்க்கு வாழ்வு. எண்ணெய், எரிவாயு தேடி அதே நிலத்தில், நெடுவாசல் முதலிய ஊர்களில், நீரடுக்குகளையும் கடந்து ஆழ்கிணறுகள் துளைக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் போராடியபோது, 'எங்கள் நீருக்கு என்ன நேரும்?' என்பதே அவர்தம் முதன்மையான கவலை. அதற்கு விடைகாண, கிணற்றுக்குள் நிகழ்வதை அறிய வேண்டும்.

துளைமுனை சுழலும்போது குழாய்வழியே சேற்றுக்கரைசல் இடைவிடாது செலுத்தப்படுகிறது. அது துளைமுனையைக் குளிர்விக்கிறது. பாறைத்துகள்களை மேலே கொணர்கிறது. தன் எடையால் ஆழத்து வாயுவையும் அடக்கிவைக்கிறது. நீரைவிட 1.2 மடங்கு அடர்த்தியுள்ள கரைசல், 3000 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 350 மடங்கு அழுத்தம் தரும். வழியில் பாறைப்பிளவு இருந்தால், அந்த அழுத்தமே கரைசலைப் பிளவுக்குள் தள்ளிவிடும். சேற்றின் மட்டம் தாழ, அடங்கியிருந்த வாயு சீறி மேலெழக்கூடும்.

பிளவை அடைக்க மரத்தூள், கொட்டை ஓட்டுத்துண்டு, மைக்காச் செதில், சுண்ணாம்புக்கல் தூள் ஆகியவற்றைக் கலப்பது பழைய வழி. ஆயின், காணாத பிளவின் அகலத்திற்கேற்பத் துகளின் அளவைத் தேர்வது எங்ஙனம்? சிறியவை உள்ளே ஓடிவிடும். பெரியவை வாயிலிலேயே தங்கிவிடும்.

பிசின் இங்கே உதவுகிறது. நீர்மமாகச் சென்று, பிளவின் வடிவையே தன் வடிவாக ஏற்று, பின்னர் அது இறுகுகிறது. ஆழத்தின் வெப்பமும் கடினமாக்கியும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து வலையாக்குகின்றன. ஒருமுறை இறுகியது மீண்டும் உருகாது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும். ஆதலால், இறுகும் நேரத்தைக் கணிப்பதில்தான் திறமையெல்லாம் அடங்கியுள்ளது. முந்தினால் குழாயே சிக்கிக்கொள்ளும். பிந்தினால் பிசினும் சேற்றின் வழியே மறைந்துபோகும். அந்த ஆழத்தின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஆய்வகத்தில் உண்டாக்கிச் சோதித்த பின்னரே அதைக் கிணற்றில் இறக்குவர்.

பிசின்களுள் சில பார்மால்டிஹைடு கொண்டு ஆக்கப்படுபவை. இறுகாது எஞ்சும் பார்மால்டிஹைடு நஞ்சு. எனவே, குடிநீர் அடுக்கில் அவற்றுக்கு இடமில்லை. அவ்வடுக்கை வெறும் களிக்கரைசலால் துளைத்து, எஃகு உறை இறக்கி, உறைக்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்ட் நிரப்பிய பின்பே மேலும் ஆழம் செல்வது முறை. அச்சிமெண்டில் விரிசல் விழுந்தால், கீழே பிசின் எவ்வளவு இறுகியிருந்தும் பயனில்லை. உழவர்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது.

2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், நெடுவாசல் அமைந்த திருவரங்குளம் உள்ளிட்ட இம்மாவட்டத்தின் 5 ஒன்றியங்களில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை விதித்தது. முன்னரே துளைக்கப்பட்டவற்றின் உறையும் சிமெண்டும் உறுதியாக உள்ளனவா என்பதைக் காலந்தோறும் சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது.