கத்திக்கு முன் ஒரு தட்டு

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. உதட்டைத் தைக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் நடக்கும். அதற்குள் விலகிய ஈறுகளை நெருக்கி, சப்பையான மூக்கை நிமிர்த்திவிட்டால் தையலில் இழுவை குறையும். வாய்க்குள் மாட்டும் ஒரு தட்டின் மூலம் இதைச் செய்யும் முறையை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பேரி கிரேசனும் கோர்ட் கட்டிங்கும் 1990களில் உருவாக்கினார்கள்.

பிறந்த புதிதில், தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜனால் குழந்தையின் குருத்தெலும்பு இளகியிருக்கும் என்று கருதுகிறார்கள். சில வாரங்களில் அது இறுகத் தொடங்கிவிடும். எனவே சீக்கிரம் தொடங்க வேண்டும்.

முதல் கண்டம், வாய்க்குள் அளவெடுப்பது. மயக்க மருந்து கிடையாது. குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து, அச்சுப் பசையை வாய்க்குள் வைப்பார்கள். ஒரு துணுக்கு பிய்ந்து தொண்டையில் சிக்கினாலும் மூச்சடைக்கும். அந்த நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுவதே மருத்துவருக்கு நிம்மதி. மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு அக்ரிலிக் தட்டு தயாராகும். வாரந்தோறும் அதை ஓரிடத்தில் ராவி, வேறிடத்தில் மென்மையான பொருளைப் பூசி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஈறுகளை நகர்த்துவார்கள். இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்ததும் மூக்கைத் தூக்கும் கம்பி சேரும்.

டிஜிட்டல் முறையில் பசைக்குப் பதில் ஸ்கேனர். ஈறு நகர வேண்டிய ஒவ்வொரு படியையும் கணினியில் திட்டமிட்டு, முப்பரிமாண அச்சு வழியாக வரிசையாகத் தட்டுகளைச் செய்துவிடலாம். பெற்றோரே வீட்டில் மாற்றிக்கொள்வதால் அலைச்சல் குறைகிறது.

ஆனால், பெரியவர்களுக்கென்று செய்த ஸ்கேனர் முனை பச்சிளம் வாய்க்குப் பெரிது. பிளவின் ஆழமான மூலைகள் சில சமயம் எட்டுவதில்லை. குழந்தையின் வளர்ச்சியும் கணினிக் கணக்குப்படியே போகும் என்பதில்லை. கணக்கு தவறினால் தட்டு பொருந்தாது, மீண்டும் ஸ்கேன்தான்.

இம்மாதிரித் தட்டுகளின் நீண்டகாலப் பலன் குறித்தே விவாதம் உண்டு. மூக்குக் கம்பியில்லாத எளிய தட்டுகளை ஆராய்ந்த நெதர்லாந்தின் 'டச்கிளெஃப்ட்' ஆய்வில் நிலைத்த பலன் பெரிதாகத் தெரியவில்லை. அளவெடுக்கும் ஆபத்தையும் பயணத்தையும் குறைப்பதுதான் டிஜிட்டலின் உறுதியான லாபம். எந்த முறையானாலும் தட்டை நாள் முழுதும் போட்டிருக்க வேண்டும். தட்டைப் பிடித்துவைக்கக் கன்னத்தில் ஒட்டும் பிளாஸ்திரியைப் பெற்றோர் சரிபார்க்க வேண்டும். ஈறு சிவந்தாலோ புண்ணானாலோ, அடுத்த தட்டை மாட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.